இருப்பைத் தீர்த்தவள்

எங்கள் வீட்டுப் பின் அறைக்குப் பல பெயர்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் குடோன் என்பாள். என் வீட்டுக்காரர் ஸ்டாக் ரூம் என்பார். என் மகள் பெயர் எதுவும் வைக்கவில்லை, கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிடுவாள். என்னைக் கேட்டால் அது கைவேலை அறை. கைவேலை கொஞ்சம் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எதையும் தூக்கி எறிய மாட்டாள். ஐஸ் குச்சி, காலித் தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பிள்ளையார், எல்லாமே என்றாவது பாடம் நடத்த உதவும். ஓய்வு பெற்ற பிறகு பாடம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வயர் கூடை போடக் கற்றுக்கொண்டேன். பிறகு சில்க் நூல் சுற்றிய வளையல். பிறகு ஜாக்கெட்டில் மணி வைத்துத் தைக்கிற ஆரி வேலை. ஒவ்வொன்றுக்கும் வகுப்புக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும் சாமான் வாங்கப் போனேன். வகுப்பு முடிந்துவிடும், சாமான் வாங்குவதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

இதில் என் தப்பு ஒன்றுமில்லை. வயர் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், இன்றைக்குக் கடையில் இருக்கிற நிறம் அடுத்த முறை வராது. மயில்கழுத்து நீலம் போதாமல் தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டால், கடைக்காரர் ஏதோ ஒரு நீலத்தை எடுத்துப் போட்டு, "இதான் இப்ப ஓடுதுங்க டீச்சர்" என்பார். மேல்பாதி ஒரு நீலம், கீழ்ப்பாதி வேறு நீலம் என்று ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நான் எப்படிச் சந்தைக்குப் போவது? அதனால் எந்த நிறம் வாங்கினாலும் இரண்டு கட்டு கூடுதலாக வாங்கிவிடுவேன். கூடுதலாக வாங்கிய கட்டு ஒரு கூடைக்குக் காணாது. அதைக் கூடையாக்க இன்னும் இரண்டு கட்டு வேண்டும். இப்படியே அறை நிறைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேச அருகதை இல்லாதவர். அவர் ஓய்வு பெற்ற லைன்மேன். வாசல் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அறுந்த கம்பி, கயிறு, கப்பி, மின்கம்பத்துப் பீங்கான் கிண்ணம், எந்தக் குழாயிலும் சேராத திருகு என்று அடைத்து வைத்திருக்கிறார். கேட்டால், "ஒரு நாளைக்கு ஒதவும்" என்பார். நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் அவர் சொன்னால் அது முன்யோசனை, நான் சொன்னால் அது பைத்தியம்.

இந்த நிலைமையில்தான் என் மகள் உண்டானாள். மாரண்டஹள்ளியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஓசூரில் ஒரு கம்பெனிக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். சம்பந்தி வீட்டுக்குக் காய்கறி மண்டி. மாடி வைத்த வீடு, துடைத்து வைத்தாற்போல் இருக்கும். சம்பந்தியம்மா எதையும் வீட்டில் தங்க விடமாட்டார். நேற்றைய பேப்பர்கூட இன்றைக்கு அங்கே இருக்காது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதானே வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு மகளை அழைத்து வர வேண்டும். நான் அதைக் கேட்க வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டேன்.

"வந்து நான் எங்கம்மா படுக்கறது? மணி டப்பா மேலயா?" என்றாள்.

"ஹால்ல கட்டிலைப் போட்டுக்கலாம் கண்ணு."

"பச்சக் கொழந்தைய வெச்சிக்கிட்டு ஹால்லயா? அப்பா டிவி சத்தத்துலயா? ரூமைக் காலி பண்ணு, வரேன். இல்லாட்டி இங்கயே பாத்துக்கறேன். அத்தை மேல் ரூமை எனக்குன்னே ஒழிச்சுக் குடுத்துட்டாங்க."

அந்த 'இங்கயே' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. வழக்கம் போய்விடுமே என்பதல்ல. ஒரே பெண். பள்ளிக்கூடம் முடிந்ததும் விடுதிக்குப் போனாள், விடுதியிலிருந்து பெங்களூர் வேலைக்குப் போனாள், வேலையிலிருந்து கல்யாண மேடைக்குப் போனாள். தீபாவளிக்கு வந்தாலும் கிளம்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருவாள். சேர்ந்தாற்போல அவள் என்னோடு தங்க எனக்கு மிச்சமிருந்தது இந்தப் பிரசவம் ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் இனி அவள் எனக்கு விருந்தாளி. நான் அந்த இரவு சாப்பிடவில்லை. கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் சபதம் எடுத்தேன். இனிமேல் ஒரு மணி, ஒரு நூல்கண்டு, ஒரு முழம் வயர் வாங்க மாட்டேன். இருப்பதை எல்லாம் செய்து தீர்த்து அறையைக் காலி செய்வேன்.

"அப்படியே யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துட்டாப் போவுது" என்றார் வீட்டுக்காரர்.

"செய்யறதுக்குன்னு ஆசையா வாங்குனதைச் செய்யாமயே குடுக்கறதா? அப்ப உங்க கொட்டாயையும் தூக்கிக் குடுத்துருங்க."

அவர் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். இரவு பகலாகக் கூடை போட்டேன் என்றால் அது மிகை, பகலில் மட்டும் போட்டேன். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு, பிஸ்கெட் முடிச்சு, எனக்குத் தெரிந்த முடிச்செல்லாம் போட்டேன். விரல் நுனி தடித்துப்போய், போனில் விரல் வைத்தால் போன் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெரிய கூடை, சின்னக் கூடை, ஃபிளாஸ்க் வைக்கிற கூடை, எதை வைப்பது என்றே தெரியாத கூடை. நிறம் போதாத இடத்தில் கையில் கிடைத்த அடுத்த நிறத்தைச் சேர்த்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக எந்த நீலத்துக்காகப் பஸ் ஏறினேனோ அந்த நீலத்தைப் பச்சையோடு முடிந்தேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் முடிந்தேன்.

வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அறை காலியாகவில்லை. முன்பைவிட நிறைந்திருந்தது.

வயர் கட்டாக இருந்தவரைக்கும் அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தது. அதைக் கூடையாக்கினால் அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே வெறும் காற்றை வைத்துக்கொண்டு ஓர் ஆள் இடத்தை அடைக்கிறது. முன்னாலாவது கட்டில்வரை போக வழி இருந்தது. இப்போது ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் கூடைகளை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். உதட்டோரம் சிரித்துவிட்டு டிவி போடப் போனார். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீடியோ காலில் வருவாள். "ரூமைக் காட்டு" என்பாள். நல்லா இருக்கிறாயா அம்மா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் காலையிலேயே ஒரு மூலையைப் பெருக்கி, அங்கிருந்த கூடைகளை எதிர்ச் சுவருக்குத் தள்ளி, சரியாக அந்த மூலை மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பேன். கட்டிலின் கால்மாடு, சுத்தமான தரை, காலண்டர் மாட்டிய சுவர்.

"பரவாயில்லையே" என்றாள் முதல் வாரம்.

இரண்டாவது வாரம் என் கையில் மாவு ஒட்டியிருந்ததால் போனை வீட்டுக்காரர் பிடித்தார். காலமெல்லாம் கம்பத்தில் ஏறி நின்று நாலு திசையும் பார்த்தவர் அவர். ஒரே இடத்தில் பிடிக்கத் தெரியாமல் போனை மெதுவாக, பொறுப்பாக, ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டினார். கூரையைத் தொட்டுக்கொண்டு நின்ற கூடைக் கோபுரத்தின் மேல் கொஞ்ச நேரம் நிறுத்திக்கூடக் காட்டினார்.

"ம்மா" என்றாள் மகள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள். நான் மாவுக் கையோடு அவரை முறைத்தேன். "காட்டச் சொன்னா, காட்டுனேன்" என்றார்.

சரி, செய்தது போதும், இனிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். செய்ததைக் கொடுத்தால் என் சபதத்துக்குக் குறை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, தெருவில் வீடு வீடாகப் போனேன். வெறுங்கூடை கொடுப்பது நன்றாக இருக்காது அல்லவா? சுமங்கலிப் பெண் கையில் ஒன்றைக் கொடுத்தால் அதில் மங்கலமாக ஏதாவது இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு கூடையிலும் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு மஞ்சள் கிழங்கு வைத்தேன். கதவைத் தட்டி, குங்குமம் கொடுத்து, கூடையைக் கையில் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முகம் மலர்ந்தாள். "பாப்பா எப்பங்க டீச்சர் வர்றாங்க?"

வருவாளா மாட்டாளா என்பதே இழுபறியில் இருந்தது. ஆனால் கூடையும் குங்குமமுமாக நிற்கும்போது அதையா சொல்வது? "வர்ற மாசம் வந்துருவா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. சொல்லும்போது நன்றாகவும் இருந்தது. அதனால் அடுத்த வீட்டிலும் சொன்னேன். அடுத்த தெருவிலும் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்திருக்கலாம். மகள் மாசமாக இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். தாய்க்காரி தலைக்குக் குளித்துவிட்டு வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு சுமங்கலிகள் வீடு வீடாக ஏறி இறங்கினால் அதற்கு என்ன அர்த்தம்? வளைகாப்புக்கு அழைக்கிறாள் என்று அர்த்தம். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குக் கூடைகள் குறைகிற சந்தோஷத்தில் தெரியவில்லை.

அதோடு கூடை கொடுத்த வீடுகளிலிருந்து பதிலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டீச்சர் எல்லாச் சாமானையும் எடுத்துத் தீர்க்கிறாராம் என்ற பேச்சும் கூடவே பரவியிருந்தது. ஒருத்தி கட்டைப் பை நிறைய வயர் கொண்டுவந்தாள். "எங்க நாத்தனார் போட்டுட்டு வுட்டுட்டுப் போனதுங்க. உங்களோடதோட இதையும் தீத்துருங்க டீச்சர்." பையைத் திறந்தேன். மயில்கழுத்து நீலம். அசல் மயில்கழுத்து நீலம். வாங்க மாட்டேன் என்றுதான் சபதம் எடுத்திருந்தேன், கொடுத்தால் வேண்டாம் என்பேன் என்று எங்கேயும் சொல்லவில்லையே.

எங்கள் தெருவிலிருந்து கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி சம்பந்தி வீட்டு மண்டிக்குப் போகும். அதை நான் மறந்துபோயிருந்தேன். மறுநாள் காலை சம்பந்தியம்மா போன் செய்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும்.

"நல்லா இருக்கீங்களா சம்மந்தியம்மா?"

"நல்லா இருக்கறோம்ங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கறோம்ங்க. உங்கூரு வண்டி வந்துச்சுங்க. வளைகாப்புக்கு ஊரெல்லாம் அழைச்சாச்சுன்னு டிரைவர் சொல்றாரு. கூடையோட வெச்சுக் குடுத்தீங்களாம், ரொம்ப நல்லா இருந்துச்சாம். எங்க வூட்டுப் புள்ளைக்குத்தானுங்களே வளைகாப்பு? எங்களுக்கு ஒரு வார்த்தை வரலீங்களே, அதான் கேட்டுக்கலாம்னு."

இல்லைங்க, அது சும்மா கூடைங்க என்று ஆரம்பித்து, வயர், அறை, வாழைப்பழம் என்று எங்கெங்கோ போனேன். அவர் முழுதும் கேட்டார்.

"வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு வரோம்ங்க. நானும் பாப்பாவும். நேர்ல பேசிக்கலாம்" என்றார்.

அடுத்து மகளிடமிருந்து போன். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நான் இன்னும் வரேன்னே சொல்லலியே" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஒரு பேச்சும் பேசி முடிக்காமல் இருவரும் வைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமைக்குள் அறை காலியாக வேண்டும். இந்த முறை போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்காரரும் நானும் வியாழக்கிழமை முழுக்க அள்ளினோம். கூடைகள் எல்லாம் பின் அறையை ஒட்டிய குளியலறைக்குள் போயின. கதவை அவர் தோளால் தள்ளி மூடினார். நூல்கண்டுகள் கட்டிலுக்கடியில். மணி டப்பாக்கள் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்கு நடுவே. கடைசியாக மிஞ்சியது ஒரு பெரிய வெள்ளை மூட்டை. வருஷக்கணக்காக நான் சேர்த்த பழைய வேட்டிகள், என் பழைய நூல் சேலைகள். துவைத்து, கஞ்சி போகக் கசக்கி, மடித்து வைத்தவை. கால்மிதி தைக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வெட்டிப் பட்டையாக்கிவிட்டால் ஒரு பைக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, மறுநாள் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கத்திரிக்கோலைக் கையில் எடுத்தேன்.

வாசலில் கார் வந்து நின்றது. மண்டிக்காரர்கள் விடியுமுன்னே எழுந்துவிடுகிறவர்கள். பதினோரு மணிக்கு வருகிறேன் என்றால் ஒன்பதுக்கே வந்துவிடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சம்பந்தியம்மா முன்னால் வந்தார். பின்னால் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. வழியெல்லாம் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏதோ வாக்குவாதம் நடந்திருக்கிறது என்பது இருவரும் என்னை மட்டுமே பார்த்துச் சிரித்ததில் தெரிந்தது. காபி போட ஓடினேன். சர்க்கரை டப்பா என்று திறந்தேன், உள்ளே வெள்ளைப் பாசிமணி. அடுத்த டப்பாவில் தங்க நிறக் கல். மூன்றாவதில்தான் சர்க்கரை கிடைத்தது. திரும்பி வருவதற்குள் இருவரும் பின் அறைக்குப் போயிருந்தார்கள்.

அறை சுத்தமாகத்தான் இருந்தது. மகள் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது, "பாத்ரூம் ஒட்டுனாப்புலயே இருக்குதா? நல்லதுங்க" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மா அந்தக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தார்.

கூடைகள் சரிந்தன. ஒன்றிரண்டு முதலில் எட்டிப் பார்த்தன, பிறகு மற்றவையெல்லாம் சேர்ந்து வந்தன. கனமில்லாத சாமான், யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சரிந்து முடிய வெகு நேரம் ஆனது. கடைசிக் கூடை உருண்டு வந்து சம்பந்தியம்மாவின் காலடியில் நின்றது. மயில்கழுத்து நீலம்.

"ம்மா" என்றாள் மகள். "இதான் காலி பண்ணதா?"

நான் காபித் தட்டோடு நின்றேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். சம்பந்தியம்மா கூடைகளைத் தாண்டி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் பார்வை கூடைமேல் இல்லை. பக்கத்திலிருந்த வெள்ளை மூட்டைமேல் இருந்தது.

"இது என்னங்க?"

"பழைய வேட்டிங்க. கால்மிதி தைக்கலாம்னு வெச்சிருந்தேன். இன்னிக்கி வெட்டிரலாம்னு..." என்று கட்டிலில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்தேன்.

"மொதல்ல அந்தக் கத்திரியக் கீழ வைங்க" என்றார்.

வைத்தேன். அவர் ஒரு வேட்டியை எடுத்துக் கையில் கசக்கினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். என் சேலையை எடுத்தார். பிறகு மகளைப் பார்த்தார். "பாத்தியா கண்ணு? இதத்தான் நான் சொன்னேன்."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. மகள் போனில் பிள்ளைக்குச் சட்டை, படுக்கை, துண்டு என்று வண்டி வண்டியாக வாங்கப் பார்த்து வைத்திருக்கிறாள். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் புதுசு வாங்கக் கூடாது, பழந்துணியில்தான் முதலில் படுக்க வைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதம். சரி, பழசு எங்கே அத்தை என்று மருமகள் கேட்டிருக்கிறாள்.

"எங்க வூட்டுல ஒரு கந்தல் கெடையாதுங்க சம்மந்தியம்மா" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "எதுக்கு அடைச்சு வெக்கறதுன்னு எல்லாத்தையும் பாத்திரக்காரன்கிட்ட போட்டுப் போட்டு குண்டானா வாங்கிட்டேன். வூடு முழுக்க குண்டான் இருக்குது. புள்ளயக் குண்டான்லயா படுக்க வெக்க முடியும்? புதுசுன்னா கடையில வாங்கிக்கலாம். பழச எந்தக் கடையிலங்க போயிக் கேக்கறது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பின் அறையில் ஒருத்தர் எதையோ கேட்டு நிற்கிறார். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று தன் பழைய வேட்டிகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரே சேர்த்து வைத்தது போல.

"பிரசவம் இங்கயே ஆவட்டும்" என்றார் சம்பந்தியம்மா.

"அத்தை, இந்த ரூமைப் பாத்தீங்கல்ல?"

"கூடைதானே கண்ணு? வளைகாப்புக்கு வர்றவங்க வெறுங்கையோடவா போவாங்க? எங்க சனத்துக்கே இது பத்துமோ பத்தாதோ. தாம்பூலத்துக்குப் பை வாங்கிராதீங்க சம்மந்தியம்மா."

மகள் என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், தரையெல்லாம் கிடந்த கூடைகளைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

வளைகாப்பு மாரண்டஹள்ளியில் நடந்தது. கூடைகளைக் கொண்டுபோக அதே கத்திரிக்காய் வண்டி வந்தது. எங்கள் தெருப் பெண்கள், நான் முன்பே கொடுத்த கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்குள் இன்னொரு கூடையை வாங்கி வைத்துக்கொண்டு போனார்கள். சில்க் நூல் வளையல்களையும் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்துத் தீர்த்தேன். ஆரி மணியும் நூலும் மட்டும் மிஞ்சின. அவற்றை வீட்டுக்காரரின் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன், அவர் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. மகள் வீட்டுக்கு வந்தபோது அறையில் கட்டில், அலமாரி, அலமாரி நிறைய வெள்ளைத் துணி, அவ்வளவுதான் இருந்தது. மகள் நடுவில் நின்று கையை விரித்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கும் சாப்பாடும் போனது மயில்கழுத்து நீலக் கூடையில்தான். கடையில் விற்கிற நாப்கினைப் போட்டதில் குழந்தைக்குத் தோல் சிவந்துவிட்டது. துணியே போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து அடுக்கினேன். ஓர் ஊருக்கே போதும் என்று நினைத்தேன். ஒரு பிறந்த குழந்தை எவ்வளவு நனைக்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். மாற்றிவிட்டுக் கையை எடுப்பதற்குள் அடுத்ததை நனைத்தாள். பாலைக் குடித்து ஒன்று, தும்மி ஒன்று, சும்மா படுத்திருந்து ஒன்று. மகள் உள்ளிருந்து, "ம்மா, இன்னொண்ணு" என்பாள். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

மழை பிடித்துக்கொண்டது. சித்தேரி மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி ஊர்மேல் உட்கார்ந்துவிட்டது. துவைத்த துணி காயவில்லை. வீட்டுக்காரர் ஒரு காலையில் கொட்டகைக்குள் போனார். கயிறு, கப்பி, பீங்கான் கிண்ணம் எல்லாம் வெளியே வந்தன. நாற்காலி போட்டு ஏறி, ஹாலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும், அங்கிருந்து பின் அறைக்கும் லைன் இழுத்தார். "ஒரு நாளைக்கு ஒதவும்னு சொன்னேன்ல" என்றார். சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வீடு முழுக்கத் துணி தொங்கியது. ஹாலைக் கடக்க எல்லோரும் குனிந்து நடந்தோம். காலியான அறை கேட்டவள் ஈரத்துணிக்கு நடுவில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அப்படியும் துணி போதவில்லை. வீட்டுக்காரர் கட்டிக்கொண்டிருந்த வேட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. அவர் பழைய காக்கிக் கால்சட்டையில் நடமாட ஆரம்பித்தார்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் சம்பந்தியம்மா வீடியோ காலில் வந்தார். போன் மகள் கையில் இருந்தது. வீட்டுக்காரர் கால்சட்டையோடு ஒரு சேலைக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் அலமாரியருகே நின்றேன். அதில் ஒரே ஒரு துணி மிச்சமிருந்தது.

"அங்க மழையாமே கண்ணு. துணி காயுதா? காயலன்னா சொல்லு, நாளைக்கே வண்டி அனுப்பறேன். ரெண்டு பேரும் வந்துருங்க. இங்க மாடியில தகரம் போட்டிருக்குது, ஒணத்திக்கலாம். மேல் ரூமும் அப்படியேதான் இருக்குது."

மகள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இந்த ஈரத்தில் யார்தான் இருப்பார்கள்? மாடி அறை, வெந்நீர் வருகிற பாத்ரூம். போகட்டும், இத்தனை நாள் இருந்ததே பெரிது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

"எங்க, அலமாரியக் காட்டு பாப்போம். துணி பத்துமா?" என்றார் சம்பந்தியம்மா.

மகள் எழுந்தாள். தொங்கும் துணிகளுக்கடியில் குனிந்து வந்தாள். கட்டிலில் கிடந்த போர்வைகளை ஒரு கையால் எடுத்து அலமாரியில் வைத்து, அந்த ஒற்றை வெள்ளைத் துணியை அவற்றின்மேல் விரித்தாள். பிறகு போனை உயர்த்தி, ஒரு துளி ஈரம்கூடத் தெரியாமல், அலமாரியும் கொஞ்சம் தரையும் காலண்டர் மாட்டிய சுவரும் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தாள். நான் பிடித்த அதே இடம், அதே சாய்வு.

"நெறைய இருக்குதுங்க அத்தை. அம்மா வருசக்கணக்கா சேத்து வெச்சிருக்கறாங்க. எல்லாம் நல்லாக் காயுது. நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

ஈரச் சேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கற? அந்த ஒண்ணையும் எடு. இவ நனைச்சுட்டா."

எடுத்துக் கொடுத்தேன்.